சோப்புக் காரம்

அடுப்பும் நெருப்பும் இல்லாமல் தண்ணீர் சுடும் என்பதை நான் தெரிந்துகொண்டது என் உள்ளங்கையால்தான். எங்கள் வீட்டுக்குப் பின்னாலிருந்த கீற்றுக் கொட்டகையில், தெருக்குழாயிலிருந்து அப்போதுதான் கொண்டுவந்த தண்ணீரை ஒரு நீல பிளாஸ்டிக் வாளியில் ஊற்றி, அதில் வெள்ளையாக எதையோ கொஞ்சங் கொஞ்சமாகப் போட்டு மூங்கில் குச்சியால் கலக்கிக்கொண்டிருந்தாள் அம்மா. விளையாட்டாக வாளியின் வெளிப்பக்கத்தைத் தொட்ட நான் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். சோறு கொதிக்கிற பானையைத் தொட்டதுபோல் சுட்டது. மேலே மெல்லிய ஆவி எழுந்தது. அதற்கு வாசனை என்று ஒன்றும் இல்லை, ஆனால் மூக்குக்குள் போனதும் தொண்டையை உள்ளிருந்து யாரோ கிள்ளுவதுபோல் இருமல் வந்தது. முந்தானையால் வாயையும் மூக்கையும் சேர்த்துக் கட்டியிருந்த அம்மா, "அங்கிட்டுப் போ பாப்பா, மூஞ்சில அடிக்குது பாரு" என்றாள்.

கடைக்காரர்கள் அதைக் "காஸ்டிக் சோடா" என்பார்கள். எங்கள் வீட்டில் அதற்குக் "காரம்" என்று மட்டும்தான் பெயர். குழம்பில் காரம் கூடிவிட்டது என்று அம்மா சொல்லும்போதெல்லாம் எனக்கு ஒரு நொடி திக்கென்று இருக்கும், அந்த அளவுக்கு அந்தச் சொல் எங்கள் வீட்டில் வேறு பொருள் எடுத்துக்கொண்டிருந்தது. உடைத்த கிளிஞ்சல் போலச் சின்னச் சின்னச் செதில்களாக இருக்கும். பார்வைக்கு அழகானது, ஏதோ தின்பண்டம் என்று குழந்தைகள் வாயில் போட்டுவிடக் கூடியது.

எங்கள் ஊர் ஆவூருக்குப் பக்கத்தில், கீரனூரிலிருந்து டவுன்பஸ் ஏறிப் போக வேண்டிய இடத்தில் இருக்கிறது. அப்பா அந்தோணிசாமி குவைத்தில், கட்டுகிற கட்டடங்களுக்குப் பலகை அடிக்கும் தச்சு வேலையில் இருந்தார். நான் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த வருடம் போனவர், அதற்குப் பிறகு ஊருக்கு வரவே இல்லை. அவர் அனுப்பும் பணம் சில மாதம் வரும், சில மாதம் வராது. பக்கத்து வீட்டு மாரிக்கண்ணுப் பெரியம்மாவுக்கும் அதே நிலைதான், அவர்கள் வயல் கிணற்றில் தண்ணீர் கீழே போய்விட்டிருந்தது. இரண்டு பேரும் சேர்ந்து கீரனூரில் பெண்களுக்கு நடந்த ஒரு பயிற்சிக்குப் போய், துணி சோப்புப் போடக் கற்றுக்கொண்டு வந்தார்கள். தேங்காயெண்ணெயைக் காய்ச்சி ஆறவைத்து, காரத்தண்ணீரை அதில் நூலாக ஊற்றி, கை ஓயக் கலக்கி, மாக்கல் பொடி தூவி, மரத்தட்டில் கொட்டி, இறுகியதும் கம்பியால் அறுத்து அடுக்குவார்கள். சுற்று வட்டாரத்தில் நாலைந்து ஊர்களுக்கு அம்மாதான் சைக்கிளில் வைத்துக் கொண்டுபோய் விற்றாள். எங்கள் மாவட்டத்துப் பெண்கள் கூட்டங்கூட்டமாகச் சைக்கிள் பழகிய காலத்தில் அவளும் பழகியிருந்தாள்.

இதை அப்பாவுக்கு மட்டும் அவள் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் கீரனூர் எஸ்டிடி பூத்தில் போய் உட்கார்ந்திருப்போம். அப்பா கூப்பிட்டு, "செலவுக்கு இருக்கா?" என்று கேட்பார். "இருக்குங்க" என்பாள் அம்மா. எப்படி இருக்கிறது என்று அவர் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. திரும்பி வரும்போது என்னிடம், "தெரிஞ்சா அங்கன நிம்மதியா வேல பாக்க மாட்டாரு. வரட்டும், வந்தப்பறம் நேர்ல சொல்லிக்கலாம்" என்பாள்.

காரம் வாங்கப் புதுக்கோட்டைக்குப் போக வேண்டும். கீழ ராஜ வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில், சுண்ணாம்பும் நீலமும் பினாயிலும் ஆசிட்டும் விற்கிற கடை ஒன்று இருந்தது. உள்ளே நுழைந்தாலே கண் கரிக்கும். கடைக்காரர் கையில் ஒரு பழைய துணியைச் சுற்றிக்கொண்டு, மூட்டைக்குள் இரும்பு முறத்தைவிட்டு அள்ளித் தராசில் கொட்டுவார். ஒரு பாலிதீன் பைக்குள் போட்டு, வாயைச் சூடு காட்டி ஒட்டி, அதை இன்னொரு பைக்குள் போட்டுத் தருவார். என்னைப் பார்த்து, "புள்ளகிட்ட குடுத்துறாதம்மா" என்று ஒவ்வொரு தடவையும் சொல்வார். அம்மா அதை வயர்கூடையின் அடியில் வைத்து, மேலே கத்தரிக்காயோ கீரைக்கட்டோ வாங்கிப் பரப்பிக்கொள்வாள். கண்டக்டருக்குத் தெரிந்தால் பஸ்ஸில் ஏற்ற மாட்டார் என்று பயம். கூடையை மடியில் வைக்காமல் இரண்டு காலுக்கும் நடுவே வைத்துக்கொண்டு, கீரனூர் வரைக்கும் சேலையை முழங்காலோடு இறுக்கிப் பிடித்தபடி வருவாள். அவள் முகத்தைப் பார்த்தால், கைக்குழந்தையோடு கூட்டத்தில் வருகிறவள் போல இருக்கும்.

வாங்குவதைவிட வைப்பதுதான் பெரிய பாடு. காற்றுப் பட்டால் அது தானாகவே ஈரத்தை இழுத்துக்கொண்டு கசியத் தொடங்கும். முதல் தடவை தெரியாமல் சாக்குப்பையில் முடிந்து வைத்திருந்தார்கள். ஒரு மழைக்குப் பிறகு எடுத்தபோது பையின் அடிப்பகுதி கூழாகிக் கையோடு வந்தது. இன்னொரு தடவை அலுமினியக் குண்டானில் காரத்தண்ணீரை ஊற்றிவிட்டுத் திரும்புவதற்குள் அது கறுத்து நுரைத்துப் பொங்கியது. கொட்டிவிட்டுப் பார்த்தால் குண்டானின் அடி ஊசியால் குத்தியதுபோல் பொடிப்பொடியாக ஓட்டை விழுந்திருந்தது. மாரிக்கண்ணுப் பெரியம்மா அந்தக் குண்டானை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்து, "அடி ஆத்தி, வெள்ளிப்பாத்திரத்தையே திங்கிதே, நம்ம கொடலெல்லாம் எந்த மூலைக்கு" என்றார். அலுமினியத்தை எங்கள் பக்கத்தில் "வெள்ளி" என்றுதான் சொல்வார்கள். அதற்குப் பிறகு செதில்களை இறுக்கமான மூடிபோட்ட பெயிண்டு டப்பாவில் வைத்துக் கொட்டகையின் விட்டத்தில் கட்டித் தொங்கவிட்டார்கள். கரைத்த தண்ணீருக்கு அந்த நீல வாளி, அதற்குப் பொருத்தமான மூடி, மூடிமேல் ஒரு கருங்கல். முதல் நாள் சாயந்தரம் கரைத்து வைத்தால் மறுநாள் காலையில் ஆறிக் கண்ணாடிபோல் தெளிந்திருக்கும். குடிக்கிற தண்ணீருக்கும் அதற்கும் கண்ணால் பார்த்து வித்தியாசம் சொல்ல முடியாது.

நான் ஐந்தாம் வகுப்பு முடித்த கோடை விடுமுறையில்தான் அது நடந்தது.

முதல் நாள் சாயந்தரம் வழக்கம்போலக் கரைத்து வைத்தார்கள். காலையில் சோப்புப் போட எண்ணெயை எடுத்து வைக்கும் நேரத்தில் மாரிக்கண்ணுப் பெரியம்மாவின் மாமனார் இறந்துபோனார். படுக்கையில் கிடந்தவர்தான், ஆனால் அன்றைக்குப் போவார் என்று யாரும் நினைக்கவில்லை. சோப்பு வேலை நின்றது. அந்த வாரம்தான் ஆடு ஒன்று கொட்டகைக்குள் புகுந்து, வாளியின் மூடியை மிதித்துப் பிளந்திருந்தது. கொட்டகைக்குக் கதவு கிடையாது. சாவுக்கு வந்த சொந்தக்காரர்களின் பிள்ளைகள் எங்கள் கொல்லை முழுக்க ஓடிக்கொண்டிருந்தார்கள். திறந்த வாளியை அப்படியே விட்டுப்போக அம்மாவுக்கு மனம் வரவில்லை. ஏதோ கல்யாண வீட்டிலிருந்து குளிர்பானத்தோடு வந்த பெரிய கலர் பாட்டில் ஒன்று வீட்டில் இருந்தது. அதன் திருகுமூடி நன்றாக இறுகும். ஆறிய காரத்தண்ணீரைப் புனல் வைத்து அதில் ஊற்றி, மூடியைத் திருகி, தலைகீழாகக் கவிழ்த்துக் கசிகிறதா என்று பார்த்து, வெளிப்பக்கத்தைத் துடைத்து, வீட்டுக்குள் கொண்டுபோய் அடுப்படித் தடுப்புச் சுவருக்குப் பின்னால், குடத்தை ஒட்டி மூலையில் வைத்தாள். பிறகு வீட்டைப் பூட்டி, சாவியை நிலைக்கு மேலே வழக்கமான இடத்தில் வைத்துவிட்டு என்னைக் கூட்டிக்கொண்டு சாவு வீட்டுக்குப் போனாள். அன்றைக்கு அவள் செய்தது ஒவ்வொன்றும் பத்திரமாக இருக்க வேண்டும் என்பதற்காகச் செய்ததுதான்.

உச்சி வெயில் நேரம். கொட்டுக்காரர்கள் வந்து அடித்துக்கொண்டிருந்தார்கள், பெண்கள் வட்டமாக உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்கள். நான் பந்தல் காலைப் பிடித்துச் சுற்றிக்கொண்டிருந்தபோது, எங்கள் வீட்டு வாசலில் ஓர் ஆள் மண்டியிட்டிருப்பதைப் பார்த்தேன். வெள்ளைச் சட்டை. பக்கத்தில் கயிறு கட்டிய பெரிய பை ஒன்று சாய்ந்து கிடந்தது. எங்கள் வாசலை ஒட்டியிருந்த தெருக்குழாயில் தண்ணீர் வராத நாள் அது. அவர் குழாயடித் தொட்டியில் தேங்கிக் கிடந்ததைக் கையால் அள்ளி அள்ளி வாயில் விட்டுக் கொப்பளித்துத் துப்பிக்கொண்டிருந்தார். யாரோ குடித்துவிட்டு வந்து வாந்தி எடுக்கிறார் என்று நினைத்தேன். அருகே போனபோதுதான் துப்புவது சிவப்பாக இருப்பது தெரிந்தது. உதடுகள் வெளுத்துச் சவ்வுபோல் உரிந்திருந்தன. அவர் என்னைப் பார்த்து என் பெயரைச் சொல்ல முயன்றார். சத்தம் வரவில்லை. அப்போதும் எனக்கு அடையாளம் தெரியவில்லை. நான் திரும்பி ஓடிப்போய் அம்மாவிடம், "யாரோ ஒரு ஆளு நம்ம வீட்டு வாசல்ல ரத்தம் துப்புறாரும்மா" என்றேன்.

அம்மா எழுந்து வந்தாள். தூரத்திலிருந்தே தெரிந்துகொண்டாள். ஆனால் அவள் முதலில் அப்பாவிடம் போகவில்லை. திறந்து கிடந்த வீட்டுக்குள் பார்த்தாள். மூடி கழன்று பாட்டில் தரையில் உருண்டு கிடந்தது, கொட்டிய தண்ணீர் சிமெண்டுத் தரையில் பளபளவென்று பரவியிருந்தது. அதைப் பார்த்துவிட்டுத்தான் திரும்பி வந்து அவர் தலையைத் தன் மடியில் தாங்கிக்கொண்டாள்.

அப்பா வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டார்கள் என்று அத்தனை பேரையும் கையில் பாஸ்போர்ட்டோடு விமானம் ஏற்றி அனுப்பியிருந்தார்கள். அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் சொல்லாமலேயே வந்துவிட்டார். மெட்ராஸிலிருந்து பஸ் மாறி மாறி, வெயிலில் மெயின் ரோட்டிலிருந்து பையைச் சுமந்து நடந்து வந்திருக்கிறார். வீடு பூட்டியிருந்தது. சாவி இருக்கும் இடம் அவருக்கு மறக்கவில்லை. உள்ளே போய்க் குடத்தைச் சாய்த்துப் பார்த்திருக்கிறார், அது காலியாக இருந்தது. பக்கத்தில் பாட்டில் நிறையத் தண்ணீர். தாகத்தில் அண்ணாந்து வாய் நிறைய ஊற்றியிருக்கிறார். பெரும்பகுதியைத் துப்பிவிட்டார். உள்ளே போனது ஒரு மிடறு இருக்கலாம் என்று பின்னால் டாக்டர் சொன்னார்.

சாவு வீட்டுக் கூட்டம் அப்படியே எங்கள் வாசலுக்கு வந்துவிட்டது. யாரோ சொம்பில் உப்புத் தண்ணீர் கரைத்துக்கொண்டு ஓடிவந்தார்கள். "குடிக்கக் குடுங்க, எல்லாம் வெளிய வந்துரும்." அம்மா அந்தச் சொம்பைக் கையால் தட்டிவிட்டாள். "குடுக்காதீங்க. மேல வந்தா மறுபடியும் வேகும். யாரும் வாய்க்குள்ள ஒண்ணும் ஊத்தாதீங்க." கீரனூரில் பயிற்சி கொடுத்த டீச்சர் கரும்பலகையில் எழுதிப்போட்டுச் சொல்லிக்கொடுத்திருந்த விஷயம் அது. கூட்டத்தில் ஒருவருக்கும் அது புரியவில்லை. உயிருக்குப் போராடுகிற புருஷனுக்கு உப்புத் தண்ணீர் கொடுக்கவிடாமல் ஒரு பெண் தடுக்கிறாள் என்பதை மட்டும்தான் அவர்கள் பார்த்தார்கள். அந்தச் சொம்பைக் கொண்டுவந்தது யார் என்று அம்மா பிறகு எவ்வளவோ யோசித்தும் அவளுக்கு ஞாபகம் வரவில்லை. அப்பாவின் அக்கா சவரியம்மாள் அத்தைக்கு மட்டும், சொம்பு உருண்ட சத்தம்கூடக் கடைசிவரை மறக்கவில்லை. அவர் ஆவூரில் வாழ்க்கைப்பட்டவர். அந்தச் சாவுக்கு வந்திருந்தார்.

பால் வண்டியில் ஏற்றிக் கீரனூர் கொண்டுபோய், அங்கே பார்க்க முடியாது என்று சொல்ல, திருச்சிப் பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். விஷக் கேஸ் என்பதால் ஆஸ்பத்திரியிலேயே இருக்கும் போலீஸ் ஏட்டு மறுநாள் வாக்குமூலம் எழுத வந்தார். அப்பாவால் பேச முடியவில்லை. மூக்கு வழியாகக் குழாய் போட்டிருந்தார்கள், கழுத்து வீங்கியிருந்தது. அம்மா கட்டிலின் தலைமாட்டில் நின்றாள். அத்தை கால்மாட்டில் நின்றார். நான் கட்டிலுக்குக் கீழே இருந்த தூக்குவாளியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஏட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு நிதானமாகக் கேட்டார். "வேல போயிருச்சுன்னு மனசு ஒடஞ்சு நீங்களா குடிச்சிட்டீங்களா?"

அப்பா இல்லை என்று தலையை ஆட்டினார்.

"அப்ப யாராச்சும் குடுத்தாங்களா?"

"கேளுங்க சார், நல்லாக் கேளுங்க" என்றார் அத்தை. "பூட்டுன வீட்டுக்குள்ள, குடிக்கிற தண்ணி பக்கத்துல எதுக்கு வெசத்தக் கொண்டாந்து வச்சா? உப்புத் தண்ணி குடுக்கப் போனவங்களத் தட்டிவிட்டாளே, அது எதுக்கு?"

"கொடம் காலியா இருந்துச்சு" என்று மட்டும் அம்மா முணுமுணுத்தாள். அது ஏட்டுக்குச் சொன்னதா, தனக்குத்தானே சொன்னதா தெரியவில்லை. அதற்குப் பின் பல வருடங்கள், வேலைக்கு நடுவே, பஸ்ஸில் போகும்போது, பூசைக்கு நடுவே முழங்காலில் இருக்கும்போதுகூட, அவள் வாயிலிருந்து அந்தச் சொற்கள் தன்னையறியாமல் வருவதைக் கேட்டிருக்கிறேன்.

அப்பா கையைத் தூக்கினார். ஊசி குத்திக் கட்டுப்போட்ட கை. நெற்றி வியர்வையை வழிப்பதுபோல் காட்டினார். பிறகு நாக்கைத் தொட்டுக் காட்டி, கட்டைவிரலை வாய்க்கு நேரே சாய்த்தார். அதன் பிறகு அம்மாவின் பக்கம் விரலை நீட்டி, இல்லை இல்லை என்று அந்தக் கையையே அசைத்தார். அசைத்துக்கொண்டே இருந்தார். நர்ஸ் வந்து கையைப் பிடித்துக் கீழே வைக்கும்வரை நிறுத்தவில்லை.

"பயந்துகிட்டு மறைக்கிறான் சார்" என்றார் அத்தை.

"அம்மா, அவரு தாகத்துல தெரியாமக் குடிச்சேன்னு சொல்றாரு. எனக்கு வெளங்குது" என்று சொல்லி ஏட்டு எழுதிக்கொண்டார். அன்றைக்கு ரவுண்ட்ஸ் வந்த டாக்டர், வாந்தி எடுக்க வைத்தீர்களா என்று கேட்டார். இல்லை என்றாள் அம்மா. "நல்லது, எடுத்திருந்தா ஆளு இருந்திருக்க மாட்டாரு" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அத்தை அந்த நேரம் பார்த்து டீ வாங்கக் கீழே போயிருந்தார். பிறகு நாங்கள் எத்தனை முறை சொல்லியும், அது அம்மா தானே கட்டிய கதை என்றுதான் அவர் நினைத்தார்.

அப்பா பிழைத்துக்கொண்டார். ஆனால் உணவுக்குழாய் முழுக்க வெந்து, ஆறும்போது சுருங்கி ஒட்டிக்கொண்டது. வயிற்றில் துளை போட்டு ஒரு ரப்பர் குழாய் வைத்தார்கள். தொண்டையை அகலப்படுத்துகிறோம் என்று மாதாமாதம் வரச்சொல்லிக் கம்பிபோல ஒன்றை உள்ளே விடுவார்கள். சில வாரம் எச்சில் இறங்கும், மறுபடி அடைத்துக்கொள்ளும். ஒருநாளும் சோறு இறங்கவில்லை. கஞ்சியையும் பாலையும் அடித்த முட்டையையும் மெல்லிய துணியில் வடிகட்டி, அம்மா அந்தக் குழாயின் வாயில் புனலை வைத்து ஊற்றுவாள். ஊற்றும்போது இருவரும் ஒருவரையொருவர் பார்க்க மாட்டார்கள். அப்பா கூரை ஓடுகளைப் பார்த்துக்கொண்டிருப்பார், அம்மா கஞ்சி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவருடைய குரல் காய்ந்த சருகை மிதிப்பதுபோல் ஆகிவிட்டது. வெளிநாட்டு வேலை என்ற பேச்சே முடிந்துபோனது.

அம்மா சோப்புத் தட்டுகளையெல்லாம் கொட்டகை மூலையில் கவிழ்த்துப் போட்டிருந்தாள். மாமனாரின் கருமாதியெல்லாம் முடிந்து சில மாதங்களுக்குப் பிறகு ஒருநாள் மாரிக்கண்ணுப் பெரியம்மா வந்து வாசற்படியில் உட்கார்ந்தார். "ஸ்டெல்லா, நான் கேக்கக் கூடாது. ஆனா நீயும் நானும் வேற என்ன வேலைக்குப் போக முடியும், சொல்லு" என்றார். அம்மா அழவில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு, வயர்கூடையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். கூடவே நானும் போனேன். அந்தக் கடைக்காரர் எப்போதும் சொல்வதையே அன்றைக்கும் சொன்னார். அம்மா கூடையைக் கையில் வாங்கியதும் கடைப் படியில் அதை இறக்கி வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். கடைக்காரர் சோடா வாங்கித் தருகிறேன் என்றார். அவள் வேண்டாம் என்று கையைக் காட்டினாள்.

வீட்டுக்கு வந்து கூடையைக் கொட்டகைப் பக்கமாக மறைத்துக் கொண்டுபோகப் பார்த்தாள். அப்பா கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தார்.

"ஸ்டெல்லா, இங்கிட்டுக் கொண்டா" என்றார்.

கொண்டுவந்து வைத்தாள். கீரைக்கட்டை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, பையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். அதுவரை அதை அவர் செதிலாகப் பார்த்ததே இல்லை. கொல்லையில் வற்றிக் கிடந்த கிணற்றில் வீசுவார் என்று நான் நினைத்தேன். அம்மாவும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும், அதனால்தான் சுவரோடு ஒட்டி நின்றாள். அப்பா பையை மடியிலேயே வைத்துக்கொண்டு, "இத எதுல வைப்பீங்க?" என்று கேட்டார். பெயிண்டு டப்பா என்றாள். "அது ஆகாது" என்றார்.

அடுத்து வந்த நாட்களில், மூச்சு வாங்க வாங்க, வேப்பம்பலகையில் ஒரு பெட்டி செய்தார். டப்பாவை வைக்க ஓர் அறை, கரைத்த தண்ணீர் வாளியை வைக்க ஓர் அறை. கதவு, தாழ்ப்பாள், பூட்டு. கதவில் சிவப்பு பெயிண்டால் "விஷம்" என்று அவரே எழுதினார். சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டார். அதற்குப் பிறகு காரத்தை எடுத்துக்கொடுப்பதும் கரைப்பதும் மிச்சத்தைப் பூட்டுவதும் அவர் வேலை ஆகிவிட்டது. வயிற்றுக் குழாயைச் சட்டைக்குள் மடித்துச் செருகி, வாயில் ஈரத்துண்டைக் கட்டிக்கொண்டு, வாளியின் முன்னால் குந்தி உட்கார்ந்து அவர் கலக்குவதை நான் பள்ளிக்கூடம் போகும்போது பார்த்துக்கொண்டே போவேன். அவருக்கு அப்போது என்ன தோன்றியிருக்கும் என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை. கேட்கும் தைரியம் அப்போது இல்லை. அவர் கரைத்த காரத்தில் போட்ட சோப்புத்தான் அவர் குழாய்க்குள் போகும் பாலையும் முட்டையையும் வாங்கிக்கொடுத்தது.

நாங்கள் அவர் கண்முன் சாப்பிடுவதை நிறுத்தியிருந்தோம். அடுப்படித் தடுப்புக்குப் பின்னால் நின்றுகொண்டு, தட்டில் சத்தம் வராமல், ஒருவர் மாற்றி ஒருவர் தின்போம். ஆனால் வாசனையை என்ன செய்வது. ஒருநாள் மணமேல்குடிப் பக்கத்திலிருந்து மீன் கொண்டுவரும் ஆள், விற்று மிச்சமிருந்த கிழங்கானை அம்மாவிடம் சோப்புக்கு மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். வறுத்த வாசனை வீடு முழுக்க நிறைந்துவிட்டது. அம்மாவும் நானும் கொல்லைப்பக்கம் தட்டை எடுத்துக்கொண்டு நழுவப் பார்த்தோம்.

"ரெண்டு பேரும் எங்கன போறீங்க?" என்று அந்தச் சருகுக் குரல் கேட்டது. "இங்கன ஒக்காந்து தின்னுங்க. திருடித் திங்கிற மாதிரித் திங்காதீங்க."

வந்து உட்கார்ந்தோம். அவர் என் தட்டிலிருந்து ஒரு மீனை எடுத்தார். முள்ளைப் பிரித்து, சதையை வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டு மென்றார். மென்றுகொண்டே இருந்தார். பிறகு கட்டிலுக்கு அடியிலிருந்த கிண்ணத்தை எடுத்து அதில் துப்பினார். அம்மா தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வெளியே போய்விட்டாள். அப்பா வாயைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "உப்புக் கொறச்சல்னு ஒங்கம்மாட்டப் போய்ச் சொல்லு" என்றார். நான் போய்ச் சொன்னேன். கிணற்றுச் சுவரில் சாய்ந்து நின்று அழுதுகொண்டிருந்தவள், அதைக் கேட்டு என்னை ஓங்கி ஒரு அறை அறைந்தாள். பிறகு இழுத்து அணைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்துதான் சாப்பிட்டோம். கிண்ணமும் எங்களோடு இருந்தது.

சவரியம்மாள் அத்தை தம்பியைப் பார்க்க வந்துகொண்டுதான் இருந்தார். ஆனால் எங்கள் வீட்டில் பச்சைத் தண்ணீர் வாயில் படவில்லை. பையில் தனக்கென்று ஒரு தண்ணீர்ப் பாட்டில் வைத்திருப்பார், எங்கள் கண்முன்னே அதை எடுத்துத் திறந்து குடிப்பார். அப்பா ஒருமுறை, "அக்கா, ஏட்டுகிட்டச் சொன்னது பொய்யில்ல. இன்னும் எத்தன வாட்டி சொல்லணும்?" என்று கேட்டார். "நீ நல்லவன்டா, சொல்லுவ" என்று மட்டும் சொன்னார் அத்தை.

நான் திருச்சியில் கல்லூரிக்குப் போய்வந்துகொண்டிருந்த காலத்தில், நெஞ்சில் சளி கட்டி ஒரு வாரக் காய்ச்சலில் அப்பா போய்விட்டார். ஆவூர்க் கல்லறையில் புதைத்துவிட்டு வந்து எல்லோரும் வாசலில் போட்ட பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அம்மா ஒரு தம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து அத்தையிடம் நீட்டினாள். "குடிங்க மதினி. காலைலேருந்து ஒண்ணும் குடிக்கல நீங்க." அத்தை வாங்கிக்கொண்டார். அதைக் கையில் பிடித்தபடியே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். ஆவூர் பஸ் வரும் நேரமாயிற்று என்று யாரோ சொன்னார்கள். அத்தை எழுந்து, நிரம்பியிருந்த தம்ளரை ஒரு சொட்டுகூடச் சிந்தாமல் பெஞ்சின் மேல் வைத்துவிட்டுப் போனார். அம்மா அந்தத் தண்ணீரை எடுத்துத் தானே குடித்தாள், கடைசிச் சொட்டுவரை. அவர்கள் இருவரும் அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளவே இல்லை. இப்போது அத்தையும் இல்லை.

அப்பா போன அன்றோடு அம்மா சோப்புப் போடுவதை விட்டுவிட்டாள். மாரிக்கண்ணுப் பெரியம்மா மகனோடு திருப்பூர் போய்விட்டார். புயல் வருடத்தில் கொட்டகை சரிந்தது, பெட்டியைக் கரையான் தின்றது. புதுக்கோட்டைச் சந்தில் அந்தக் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் பழுது பார்க்கிறார்கள். போன மாதம் என்னோடு வேலை பார்க்கும் ஒரு டீச்சர், வீட்டிலேயே சோப்புச் செய்கிறேன் என்று போனில் படம் காட்டினார். காரம் தபாலில் வீட்டுக்கே வந்துவிடுகிறதாம், அழகான வெள்ளை டப்பாவில். எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று நான் கேட்டேன். சமையலறை ஷெல்ஃபில் என்றார். அன்று சாயந்தரமே அவர் வீட்டுக்குப் போய், கழிவறைக்கு மேலேயிருந்த பரணில் அதை ஏற்றிவிட்டுத்தான் வந்தேன். எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அவர் நினைத்திருப்பார்.

அம்மா இப்போது கீரனூரில் எங்களோடு இருக்கிறாள். காரத்தண்ணீர் விரலில் பட்டால் எண்ணெய்போல் வழவழவென்று வழுக்கும். அதனால் எந்தத் தண்ணீரையும் முதலில் இரண்டு சொட்டு விரலில் விட்டு, கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்துவிட்டுத்தான் அவள் குடிப்பாள். ஃபில்டர் தண்ணீரானாலும் சரி, கடையில் வாங்கிய சீல் உடைக்காத பாட்டிலானாலும் சரி. அது வீட்டில் எல்லோருக்கும் பழகிப்போன விஷயம். ஆரம்பத்தில் என் கணவர் காரணம் கேட்டார், சொன்னேன், அதற்குப் பிறகு அவர் அதைப் பார்த்தாலும் பார்க்காததுபோல் இருந்துவிடுவார். என் மகளுக்கு இன்னும் சொல்லவில்லை, அவளுக்கு நாலு வயதுதான் ஆகிறது.

சென்ற வாரம் சாப்பாட்டு மேசையில், மகள் தன் தம்ளரில் விரலை நனைத்து, கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்து, திருப்தியாகத் தலையாட்டிவிட்டுத் தண்ணீரைக் குடித்தாள். தண்ணீர் குடிக்கும் முறையே அதுதான் என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். எதிரே இருந்த அம்மா பார்த்துவிட்டாள். அன்றிலிருந்து குழந்தை இருக்கும் இடத்தில் அம்மா தண்ணீர் குடிப்பதில்லை.